ஹுன்சூர் ரோட்டில் ஒரு காசி

முதியோர் இல்லத்துக்கு ஆள் கூட்டி வர்ற வேலையும் திருட்டு வேலையும் ஏறக்குறைய ஒண்ணுதான். ரெண்டுலயும் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தணும்.

மைசூர்ல, தொண்ணூறுகள்ல, ஹுன்சூர் ரோட்டுல புதுசா ஆரம்பிச்ச ஒரு இல்லத்துல நான் மேனேஜரா இருந்தேன். மேனேஜர்னா பெருசா நினைச்சுக்காதீங்க. பெரியவங்க வீட்டுக்குப் போய்ப் பேசி, அவங்க துணிமணியைக் கட்டி, கூட்டி வந்து, முதல் வாரம் அழுதா கூட உட்கார்ந்து, அப்புறம் அவங்க மருமக அழுதுக்கிட்டே பண்ற போனுக்கும் பதில் சொல்லணும். எங்க ஓனர் ஒரு மெட்டடார் வண்டி வாங்கி, ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கன்னடத்துல 'விருத்தாஷ்ரம'ன்னு எழுதி வெச்சிருந்தார். அவருக்கு அதுல அவ்வளவு பெருமை. எனக்கு அதால நாள் தவறாம ஒரு கெஞ்சல். "மேடம், வண்டி வாசலுக்கு வர வேண்டாம் மேடம்." ஒரு வீட்டுல ஜமக்காளத்தைப் போட்டு எழுத்தை மூடினாங்க. இன்னொரு வீட்டுல கல்யாண வண்டின்னு நினைக்கட்டும்னு வாழைக்கன்னே கட்டிட்டாங்க. உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் "யாருக்கும்மா கல்யாணம்?"னு என்னைக் கேட்டுக்கிட்டே வந்தார்.

உங்க வீட்டுலயும் ஒரு பெரியவர் இருந்து, அவரைத் தூக்கி, உட்கார வெச்சு, குளிப்பாட்டி, அதுக்கு மேல ஊர்ப் பேச்சையும் கேட்டிருந்தீங்கன்னா நான் சொல்றது உங்களுக்குப் புரியும். புரியாதவங்க கொடுத்து வெச்சவங்க. எத்தனையோ பேரைச் சேர்த்திருக்கேன், ஆனா தர்மலிங்கம் அய்யா ஒருத்தர் என்னைப் படுத்தின பாட்டை மட்டும் இங்கே சொல்றேன். மத்தவங்க எல்லாரும் சேர்ந்தாலும் அவ்வளவு வராது.

யாரைச் சேர்க்கறது?

வழக்கமா மகன்தான் முதல்ல வருவார். குரலைத் தாழ்த்தி, "ஒரு ஃப்ரெண்டோட அப்பாவுக்கு"ன்னு ஆரம்பிப்பார். தர்மலிங்கம் அய்யா அப்படியெல்லாம் இல்லை. ஆட்டோ வெச்சுக்கிட்டு, மருமக ஜெயந்தியோட, தானே வந்து இறங்கினார். ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபோர்மனா இருந்து ரிட்டயர் ஆனவர். பெண்சாதி போய்ச் சேர்ந்தாச்சு. ரெண்டு முழங்காலும் போச்சு. கட்டில்லேருந்து எழுப்ப ரெண்டு ஆள் வேணும், வீட்டுல இருந்தது ஜெயந்தி ஒருத்திதான். மகன் முரளிக்கு நஞ்சன்கூடு ஃபேக்டரியில ஷிப்ட்டு. வீட்டுல இருக்கற நேரமெல்லாம் தூங்குவார்.

மாமனாரைத் தூக்கித் தூக்கி ஜெயந்திக்கு முதுகுல டிஸ்க் நகர்ந்து போச்சு. இன்னொரு தடவை தூக்கினா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டார். இடுப்புல பெல்ட்டைக் கட்டிக்கிட்டு சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்து வந்தா பாவம். ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். இதுல யாரை அட்மிஷன் போடறதுன்னே எனக்குத் தெரியலை.

அய்யா எங்க அட்டெண்டர் தோளைப் பிடிச்சுக்கிட்டு நேரா பாத்ரூமுக்குப் போய், சுவத்துல இருந்த கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். "வெல்டிங் மட்டம்"னார். அப்புறம் என் எதிர்ல உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தார். அவங்க குடியிருந்தது அக்ரஹாரத்தை ஒட்டின ஒரு சந்து. ஒரு வீட்டுல தாளிச்சா அடுத்த வீட்டுல தும்முவாங்க. ஜெயந்தி கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து அந்தச் சந்துல நல்ல பேரு எடுத்தவ. மாமனார் இல்லத்துக்குப் போயிட்டார்னா அன்னிக்கே அந்தப் பேரு போயிடும், மருமக கிழவனைத் துரத்திட்டான்னு சொல்லுவாங்க. "நீங்க எங்கேயும் போக வேண்டாம் மாமா, நான் பாத்துக்கறேன்"னு சொல்லிக்கிட்டே ஜெயந்தி எழுந்திருக்கப் பார்த்தா. முடியலை. அப்படியே திரும்ப உட்கார்ந்துட்டா. அய்யா அவளைப் பார்த்துட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒரு மாசம் காசிக்குப் போறேன்னு தெருவுல சொல்லியாச்சு. உங்களுக்கு வேற வேலை ஒண்ணுமில்லை, டூர் கம்பெனிக்காரி மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டா போதும்."

கங்கைக்குக் கொடுத்தனுப்பினது

டூர் கம்பெனிக்காரி முகம் எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டு, தோள்ல பையைப் போட்டுக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. தெருவே கூடி நிக்குது. "இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு காசியா! என்ன பக்தி, என்ன பக்தி!"ன்னு ஆளாளுக்கு அவர் கால்ல விழறாங்க. அவர் மாடிப்படியில விழுந்து கிடந்தப்போ தூக்க ஒருத்தரும் வரலைன்னு ஜெயந்தி சொல்லியிருந்தா. இப்ப விழறதுக்கு க்யூ நிக்குது.

கங்கையில போடச் சொல்லி ஆளுக்கு ஒண்ணு கொடுத்தாங்க. ஒருத்தர் பையனோட ஜாதகத்தைக் கொடுத்தார், தோஷம் கழியணுமாம். ஒரு அம்மா வெட்டின நகத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாங்க. ஏன்னு நான் கேக்கலை. எதிர்வீட்டு பார்வதம்மாதான் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. கன்னடக்காரங்க, ஆனா தெருவுல பாதிப் பேர் தமிழ்ங்கறதால தமிழ் வெளுத்து வாங்குவாங்க. எந்த ரயில், எந்தச் சத்திரம், சாப்பாட்டுல வெங்காயம் உண்டா, நீ யாரு மக, எந்த ஊருன்னு குடைஞ்சு எடுத்துட்டாங்க. கடைசியில, "எனக்கும் ஒரு சீட்டு போடம்மா"ன்னாங்க பாருங்க, எனக்கு வேர்த்து ஊத்திடுச்சு. சீட்டெல்லாம் ஃபுல்லுன்னு சாதிச்சேன்.

பார்வதம்மா நேரா வீட்டுக்குப் போய் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைப் பட்டுத்துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வந்தாங்க. உள்ளே அவங்க வீட்டுக்காரரோட பல்செட்டு. அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. அஸ்தியைக் காவேரியில கரைச்சாச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் டம்ளர்ல பல்செட்டு மிச்சம் இருக்கறதைப் பார்த்திருக்காங்க. தூக்கிப் போட மனசு வராம சாமி ரூம்லயே வெச்சிருந்தாங்களாம். காசியைப் பாக்கணும் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே போன மனுஷன். டப்பாவை அய்யா கையில வெச்சு மூடினாங்க.

"முழு ஆளாத்தான் காசிக்குப் போகக் கொடுத்து வைக்கலை, பல்லாவது போய்ச் சேரட்டும் அண்ணா."

மண்டியா வரைக்கும்

இதோட விட்டாங்களா? ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்புவோம்னு தெரு முடிவு பண்ணிடுச்சு. அப்ப ரயில் ஏறித்தானே ஆகணும்? அய்யா கலங்கவே இல்லை. பெங்களூர் பாசஞ்சர்ல ஏறிடறது, எங்க இல்லத்து அட்டெண்டர் மாதப்பா கைடு வேஷத்துல கூட உட்கார்றது, நான் மெட்டடாரை எடுத்துக்கிட்டுப் போய் பக்கத்துலயே இருக்கற ஸ்ரீரங்கப்பட்டணத்துல இறக்கிக்கறது. இதுதான் திட்டம்.

பிளாட்பாரத்துல மாலை, தேங்காய், கற்பூரம். மஞ்சத் தொப்பி போட்ட மாதப்பாவுக்கும் ஒரு மாலை விழுந்தது. அவன் முழிச்ச முழி இருக்கே! முரளி ஷிப்ட்டு முடிச்சு வந்து தூணுல சாஞ்சு நின்னபடியே தூங்கிட்டார். ஜெயந்தி மட்டும் தேம்பித் தேம்பி அழுதா. அது நடிப்பில்லை. இல்லத்துக்கு விடறப்போ எல்லா வீட்டுலயும் அழற அழுகைதான் அது. இவளுக்கு அதை ஊருக்கு நடுவுல நின்னு பயமில்லாம அழக் கிடைச்சது.

நான் முன்னாடியே போய் ஸ்ரீரங்கப்பட்டணத்துல காத்திருந்தேன். ரயில் வந்தது. ஜன்னல்ல அய்யா. "இறங்குங்க"ன்னேன். "மாட்டேன்"னார். "அய்யா, ரயில் கிளம்பிடும்." "கிளம்பட்டும்." மாதப்பா கையை விரிச்சான். ரயில் கிளம்பியே போயிடுச்சு. நான் மெட்டடாரை விரட்டச் சொன்னா, வழியெல்லாம் கரும்பு ஏத்தின மாட்டு வண்டி. வாயில வந்த திட்டையெல்லாம் அந்த மாடுகளைத்தான் திட்டிக்கிட்டுப் போனேன். மண்டியா ஸ்டேஷன்ல பார்த்தா, அய்யா கழுத்துல மாலையோட பெஞ்சுல உட்கார்ந்து வடை தின்னுக்கிட்டிருக்கார். "என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"ன்னு கத்திட்டேன். அவர் நிதானமா வாயைத் துடைச்சார்.

"காசிக்குன்னு கிளம்பினவன் ஸ்ரீரங்கப்பட்டணத்துல இறங்கினா நல்லாவா இருக்கும்? மண்டியாவாவது போக வேண்டாமா?"

பல்லுக்கு என்ன மந்திரம்

திரும்பி வர்றப்போ இன்னொரு பிடிவாதம். ஸ்ரீரங்கப்பட்டணத்துல காவேரி மேற்கே திரும்புற இடம் இருக்கே, அஸ்தி கரைக்கற துறை, அங்கே நிறுத்தணும்னார். "உயிரோட இருக்கறவங்களை ஏமாத்தறேன், அது என் பாடு. செத்தவனை ஏமாத்த மாட்டேன்"னார். எனக்குப் பசி உயிர் போகுது. இருந்தும் வண்டியைத் துறைக்குத் திருப்பச் சொன்னேன்.

துறையில ஒரு சாஸ்திரி கிடைச்சார், மேல்கோட்டைப் பக்கத்துக்காரர். எல்லாம் எடுத்து வெச்சு, தர்ப்பையைக் கொடுத்து, "அஸ்தி எங்கே?"ன்னார். அய்யா டப்பாவைத் திறந்தார். உள்ளே மேல்வரிசை, கீழ்வரிசை ரெண்டும் பளிச்சுனு சிரிச்சுது. சாஸ்திரி ரெண்டு படி பின்னாடி போயிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கன்னத்துல கை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சார். பக்கத்துல இன்னொரு சாஸ்திரியைக் கூப்பிட்டுக் கலந்து பேசினார். தங்கப் பல்லுன்னா வேற கணக்கு, பிளாஸ்டிக் பல்லுக்கு முன்னோர் யாரும் சொல்லி வைக்கலைன்னு அவங்களுக்குள்ள ஒரு வாதம் நடந்தது. கடைசியில தொண்டையைச் செருமிக்கிட்டு எங்ககிட்ட வந்தார்.

"மேல்வரிசைக்கு ஒரு பிண்டம், கீழ்வரிசைக்கு ஒரு பிண்டம் வெச்சுடலாம், ஆனா அடுத்த ஜென்மத்துல அவருக்குப் பல்வலி வந்தா என்னைக் கேக்கப்படாது."

கம்பளிக்குள்ளேருந்து ஒரு கை

இல்லத்துல அய்யா நல்லாவே ஒட்டிக்கிட்டார். வெல்டரை வரவழைச்சு எல்லாக் கைப்பிடியையும் மாத்த வெச்சார். அதைப் பிடிச்சுக்கிட்டு தானே பாத்ரூமுக்குப் போய் வந்த அன்னிக்கு, பாஸ் பண்ணின பையன் மாதிரி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரிஞ்சார். அங்கே ஜெயந்தியும் பெல்ட்டைக் கழட்டிட்டு நிமிர்ந்து நடக்க ஆரம்பிச்சிருந்தா. அப்பாடான்னு நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

எங்க மாதிரி இல்லங்களுக்கு ஜனங்க பிறந்தநாள், திதின்னு வந்து சாப்பாடு போடுவாங்க இல்லையா, அப்படி ஒருத்தர் போன்ல சொல்லி வெச்சிருந்தார். ஓனரும் யாரு, என்னன்னு பேரைக்கூடக் கேக்காம சரின்னுட்டார். ஆட்டோவுலேருந்து பாயசத் தூக்கோட இறங்கறாங்க பார்வதம்மா! அவங்க வீட்டுக்காரர் திதி. நான் உள்ளே ஓடி அய்யாவைக் கட்டில்ல படுக்க வெச்சு தலையோட காலாக் கம்பளியைப் போட்டு மூடினேன். வெயில் கொளுத்தற மாசம். "வேகுதும்மா"ன்னார். "வேகுங்க"ன்னேன்.

"ஏனம்மா, நீ காசிக்குப் போகலையா?"ன்னு பார்வதம்மா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. "இங்கேயும் வேலை பாக்கறேன், காசிக்கு என் வீட்டுக்காரர் போயிருக்கார்"னேன். எனக்குக் கல்யாணமே ஆகலை. அவங்க கண்ணுல படாம கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்ன மாதப்பா வாயைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடினான். பார்வதம்மா ஒவ்வொரு கட்டிலா வாழைப்பழம் கொடுத்துக்கிட்டே வந்து கம்பளிக்குப் பக்கத்துல நின்னாங்க. "இவருக்குக் குளிர் ஜுரம், தொந்தரவு பண்ண வேண்டாம்"னேன். "கையை மட்டும் நீட்டுங்க பெரியவரே"ன்னாங்க. நீட்டாதீங்கன்னு நான் மனசுக்குள்ள கும்பிடறேன். ஒரு கை மெல்ல வெளியே வந்தது. ஒர்க்‌ஷாப்புல காய்ப்பு ஏறின கை. அவங்க பழத்தை வெச்சுட்டு, அந்தக் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. கண்ணு நிறைஞ்சு போச்சு.

"எவ்வளவு உழைச்ச கை இது! எந்தப் பாவி மருமக இவரை இங்கே கொண்டு வந்து தள்ளினாளோ, அவளுக்கு நல்ல சாவே வராது."

காசியில விட்டது

அவங்க போய் ரொம்ப நேரம் வரைக்கும் கம்பளி அசையலை. நான்தான் விலக்கினேன். பழம் கையிலயே நசுங்கிப் போயிருந்தது. "சுசீலாம்மா, அந்தச் சாபம் ஜெயந்திக்கு விழுந்ததுதானே?"ன்னார். அழுதார். எனக்குச் சட்டுனு அழுகை வராது. அன்னிக்கு வந்தது.

காசிப் பயணத்துக்குச் சொல்லி வெச்ச மாசமும் முடிஞ்சது. டாக்டர் ஜெயந்தியைப் பார்த்து, முதுகு சரியாயிடுச்சு, ஆனா ஆயுசுக்கும் பாரம் தூக்கக் கூடாதுன்னுட்டார். அய்யா வீட்டுக்குத் திரும்பினா அவ முதுகு போச்சு. இல்லத்துலயே இருந்தா அவ பேரு போச்சு. ராத்தூக்கம் இல்லாம நான் யோசிச்சும் ஒண்ணும் தோணலை. அய்யா மார்க்கெட் பக்கம் பூஜை சாமான் கடையில மூடி ஒட்டின கங்கைச் சொம்பும் காசிக் கயிறும் வாங்கி வரச் சொன்னார், அவ்வளவுதான்.

வாடகைக் கார்ல கொண்டு போய் வீட்டுல இறக்கினேன். வாசல்ல கோலம், தெரு முழுக்க ஜனம். நாற்காலியில உட்கார வெச்சுக் காலைக் கழுவினாங்க. சமாராதனைச் சாப்பாடு ரெடி. ஜெயந்தி சிரிச்சுக்கிட்டுத்தான் பரிமாறினா, ஆனா முகத்துல ரத்தமில்லை. காசிக்குப் போனவங்க பிடிச்ச காய் ஒண்ணு, பழம் ஒண்ணுன்னு விட்டுட்டு வர்றது வழக்கம், அதை அப்புறம் தொடக் கூடாது. பார்வதம்மா அதைக் கேட்டாங்க. "காசியில என்ன விட்டீங்க அண்ணா?"

"காயில கத்தரிக்காய்"னார். எல்லாரும் தலையை ஆட்டினாங்க. "பழத்துல பலா." அதுக்கும் ஆட்டினாங்க. "இன்னொண்ணும் விட்டேன்"னார். "என்ன?" "வீடு."

அய்யாவே தொடர்ந்தார். "ஜனங்க பிடிக்காத காயைப் பார்த்து விட்டுட்டு வந்துடறாங்க. பிடிச்சதைத்தானே விடணும்? இந்த வீட்டை விடப் பிடிச்சது எனக்கு ஒண்ணும் இல்லை. அதனால விட்டுட்டேன். இனிமே வந்து சாப்பிடுவேன், போவேன், தங்க மாட்டேன். ஹுன்சூர் ரோட்டுல ஒரு இல்லத்துல இடம் சொல்லியிருக்கேன்." அவர் அதை விட்டது கங்கையிலயும் இல்லை, காவேரியிலயும் இல்லை, அந்தக் கம்பளிக்குள்ளதான்னு எனக்கு மட்டும் தெரியும். காசியில விட்டதைத் திரும்ப எடுன்னு சொல்ல அந்தத் தெருவுல யாருக்கு வாய் வரும்? ஜாதகம் கொடுத்த மனுஷர் நெடுஞ்சாண்கிடையா அவர் கால்ல விழுந்தார். இதெல்லாம் முன்கூட்டியே தெரியாத ஜெயந்தி, "வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா"ன்னு அவர் மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டுக் கதறிட்டா. பொம்பளைங்க எல்லாரும் அவளைச் சூழ்ந்துக்கிட்டாங்க. பார்வதம்மா தன் முந்தானையால அவ கண்ணைத் துடைச்சுவிட்டு, அய்யாவை எரிச்சுடற மாதிரி பார்த்தாங்க.

"முதுகு ஒடிய உங்களைப் பாத்துக்கிட்ட பொண்ணை இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போறீங்களே அண்ணா, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

ஒரு பெரியவரை இல்லத்துல சேர்க்க ஒரு மெட்டடார் போதுங்க. அவரோட தெருவைச் சம்மதிக்க வைக்கறதுக்குத்தான் காசிக்குப் போகாமலே போயிட்டு வர வேண்டியிருக்கு.